கைராசி எறகு

க்கொர்ர்ர்... க்கொக்.

பாத்தீங்களா, திரும்பிப் பாக்குது. ஒயர்கூடைக்குள்ள இருந்து தலைய நீட்டி எம்மூஞ்சியவே பாக்குது பாருங்க. யாரோ நம்மாளு பஸ்ல ஏறியிருக்கான்னு நெனப்பு அதுக்கு. தம்பி, அந்தக் கூடைய இங்கிட்டுக் குடுங்க, எம்மடியில வச்சுக்கிறேன். அங்கிட்டு நிக்கிறவுக இடிக்கிறாக. வேணாமா? சரி சரி, உங்க மடியிலயே இருக்கட்டும். நான் புடுங்கிட்டு ஓடிற மாட்டேன். கோழி திருடுற மூஞ்சியா இது? ஆங், சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க. ஒரு மனுசன் எனக்கு முன்னால சிரிச்சு இருவத்திரெண்டு நாளாச்சு.

நான் எழுமலைக்குப் போகணும். எம்மக வீட்டுக்கு. பவுனுன்னு பேரு. நாப்பது கோழி வச்சிருக்கா தம்பி, அம்புட்டும் நாட்டுக்கோழி. மருமகப்பிள்ளை லோடு எறக்கப் போன எடத்துல இடுப்புல அடிபட்டுப் படுத்துட்டாரு, வருசம் ஒண்ணாச்சு. முட்டைய வித்துத்தேன் அந்த வீட்ல ஒலை கொதிக்குது. நேத்துப் போன் பண்றா அவுக ஆத்தாளுக்கு, "ஏம்மா, ஒரு கோழி லேசாத் தும்முதும்மா"ன்னு. நான் கொல்லைப்பக்கம் நின்னு கேட்டேன். உடனே இவ என்ன சொன்னாங்கிறீங்க? "உங்கப்பனுக்குத் தெரியவேணாம்"ங்கிறா! எப்படி இருக்கு? வீட்ல கோழி வைத்தியன வச்சுக்கிட்டு, வைத்தியனுக்குத் தெரியவேணாமாம். அதேன், இன்னைக்கு அவ வெளிய போனதும் சொல்லாமக் கெளம்பிட்டேன்.

ஆமா தம்பி, கோழி வைத்தியன். எங்கூர்ல யார வேணாலும் கேட்டுப் பாருங்க. வேணாம். இப்பக் கேக்காதீங்க. தை மாசம் கேட்டிருக்கணும் நீங்க.

எங்கூருன்னா எம்பொண்டாட்டி ஊரு. எம்பேரு தவசி, ஆனா அங்க ஒருத்தருக்கும் அந்தப் பேரு தெரியாது. மாப்ள. முப்பத்தோரு வருசமா மாப்ள. வீட்டோட மாப்பிள்ளையாப் போனவன் தம்பி நானு. பல்லுப்போன பெருசும் மாப்ளங்குது, மூக்கொழுகுற சிறுசும் மாப்ளங்குது. ரேசன் கடையில கூட, "அடுத்து மாப்ள வாங்க"ம்பாய்ங்க. போன புதுசுல கல்யாணம் முடிஞ்சும் மூணு மாசம் மாட்டுக்கொட்டத்துலதேன் பாயி. எங்க மாமனாரு இருக்காரே, மவராசன், போயிட்டாரு, அவருக்கு எப்பவும் தொண்டையில ஒரு கரகரப்பு. "ஹ்ர்ர்ம்... ஆளு எப்படின்னு... ஹ்ர்ம்... பாப்போம். அப்பறமேட்டு உள்ள விடுவோம்." மூணு மாசம்! பசுமாடு எனக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டு, யாருடா இவன்னு பாக்கும்.

எம்பொண்டாட்டி விருமாயி வஞ்சுக்கிட்டே இருப்பா. காலைல கோழி கூவுதோ இல்லையோ, இவ கூவிருவா. "ஏ கூறுகெட்ட மனுசா, தெளிச்ச வாசல்ல கால வைக்காத. ஏ கூறுகெட்ட மனுசா, அது குளிக்கிற துண்டு. ஏ கூறுகெட்ட மனுசா, தின்ன வட்டில அங்கயே வச்சிட்டு எந்திரிக்கிற." இப்படியே பொழுது அடையிற வரைக்கும். எனக்கு அது கோயில் ரேடியோ மாதிரி தம்பி. ஓடிக்கிட்டே இருக்கணும். நின்னாத்தேன் என்னமோ ஏதோன்னு இருக்கும்.

இப்ப நின்னுபோச்சு.

ஏன் நின்னுச்சு, எதுக்கு நின்னுச்சுன்னு நீங்களே கேட்டு ஒரு ஞாயம் சொல்லுங்க. நீங்க அசலூரு, உங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதேன்.

தை மாசம் சந்தைக்குப் போனேன். அங்க ஒரு செவலைச் சேவல். தம்பி, அதோட வாலப் பாத்திருக்கணும் நீங்க. ஒவ்வொரு எறகும் ஒரு முழம். கல்யாண மாப்ள மாதிரி நிக்கிறான். நின்னுக்கிட்டு, ப்ச்சிக்! ப்ச்சிக்! தலைய ஒரு ஒதறு. விக்கிறவரு, "சந்தைத் தூசிண்ணே, தூசி"ங்கிறாரு. எனக்கும் அது தூசித் தும்மல் மாதிரித்தேன் பட்டுச்சு. வாங்கிக் கக்கத்துல இடுக்கிட்டு வந்துட்டேன்.

வீட்ல விருமாயி ஆசையா வளத்த கோழி பத்தொம்போது நிக்குது. இவனப் பாத்ததும் அவ சொன்ன மொத வார்த்தை, "தும்முதே மனுசா. ரெண்டு வாரத்துக்குத் தனியாப் பஞ்சாரத்தப் போட்டுக் கவுத்து"ன்னா. எனக்கு வந்துச்சே கோவம்! ஏன்டி, வந்த மாப்ளையத் தனியாப் படுக்கப் போடுறதே உங்க குடும்பத்துக்குப் பொழப்பாடி? நான் பட்டது போதாதா, இவனும் படணுமா? அன்னைக்குப் பொழுது அடையையில அவன நானே தூக்கி, மத்ததுகளோட சேத்துக் கூட்டுக்குள்ள விட்டேன். போய் நடுவுல உக்காந்தான் பாருங்க, ஜம்முன்னு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு தம்பி, மெய்யா.

நாலு நாளு அவன் தும்முறதும் நான் தும்மிக் காட்டுறதுமா வீடே ஒரே சிரிப்பு. அஞ்சாம் நாளு பாத்தா எல்லாமே தும்முது. மூஞ்சி வீங்கி, கண்ணு பீளை கட்டி, மூக்குல ஒழுகுது. ஒரு பெட்டை அச்சு அசல் எங்க மாமனாரு. ஹ்ர்ர்ம்... ஹ்ர்ர்ம். இன்னொண்ணு, பழைய மோட்டார் வண்டி கெளம்பாம உறுமும்ல, அது மாதிரி. ஒண்ணு வாயப் பொளந்து வானத்தப் பாத்து க்கீய்ய்ங்ன்னு மூச்ச இழுக்குது. அத நான் செஞ்சு காட்டமாட்டேன். அது பாவம்.

அப்பத்தேன் நான் எறங்குனேன். சின்ன வெங்காயம், பூண்டு, மெளகு, சீரகம், மஞ்சள், அம்மில வச்சு மையா அரைச்சு, சுண்டைக்கா அளவுக்கு உருட்டி வாயில போட்டேன். அதுல பாதி கேட்டுச்சு. ஆனா மூக்கடைப்பு எடுக்கல. அப்ப எனக்கே ஒரு யோசனை தோணுச்சு தம்பி, யாரும் சொல்லிக் குடுக்கல. அந்தச் செவலையோட வால்ல இருந்து ஒரு எறகப் புடுங்குனேன். வேப்பெண்ணெயில தொட்டேன். கோழி மூக்குல விட்டு, ஒரு திருகு திருகி, மெதுவா இழுத்தேன். வந்துச்சு பாருங்க சளி, நூலு மாதிரி! அந்தக் கோழி ஒரு மூச்சு விட்டுச்சு. ஹா...ன்னு. விட்டுட்டு எந்திரிச்சு நின்னு என்னையப் பாத்துச்சு. முப்பத்தோரு வருசத்துல அந்த ஊர்ல ஒரு சீவன் என்னைய மரியாதையாப் பாத்தது அன்னைக்குத்தேன்.

விடுவனா? பத்தொம்போதுக்கும் இழுத்தேன். அடுத்த வீடு அன்னக்கொடி மதினி வீடு. விருமாயிக்கு உசுருக்குசுரு. ரெண்டு பேரும் ஒண்ணாத் தண்ணியெடுத்து, ஒண்ணா வேலைக்குப் போற ஆளுக. மதினி கோழிகளுக்கு ஒண்ணுமில்ல, நல்லா கல்லு மாதிரி நிக்குதுக. இருந்தாலும் வருமுன்ன ஒரு இழு இழுத்து வைப்போம்னு நானாப் போயி அம்புட்டுக்கும் இழுத்துவிட்டு வந்தேன். காப்பி குடுத்துச்சு மதினி, நாக்காலிய எடுத்துப் போட்டு. "மாப்ள, உக்காருங்க"ன்னு, 'ங்க' போட்டு!

அப்பறம் நல்லுச்சாமி மச்சான் வந்து கூப்புட்டாரு. அவரு வளக்குற கருஞ்சேவல், பெத்த புள்ள மாதிரி. அதுக்கும் ஒண்ணுமில்ல, முன்கூட்டியே பாத்துவிடுங்கன்னு. பாத்துவிட்டேன். அப்பறம் மேலத்தெரு, கீழத்தெரு, காலனி. ஒரே எறகு தம்பி! அதச் சொல்லணும்ல. அம்புட்டு வீட்டுக்கும் ஒரே எறகுதேன். வேற எறகு எடுத்துக்கலாம்ல மாப்ளன்னு கேட்டாய்ங்க. கேனப்பயலுகளா, மொத மொதல்ல உசுரக் காப்பாத்துன எறகுடா இது, மாத்துனா ராசி போயிராதா? மாத்தவே இல்ல.

ஆனா அந்த நோய் இருக்கே, அதோட வேகத்தச் சொல்லணும். நான் எந்த வீட்டுக்குப் போயிட்டு வந்தாலும், சரியா மூணாம் நாளு நாலாம் நாளு அந்த வீட்டுக்கு வந்துருது. நல்லவேளை நான் முந்திக்கிட்டுப் போனேன். இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்?

அப்படியும் செத்துச்சு தம்பி. எங்க வீட்ல பன்னெண்டு. மதினி வீட்ல ஒரு கருப்பு அடைக்கோழி, வருசத்துக்கு மூணு ஈடு குஞ்சு எறக்கும், அது போச்சு. அந்தக் கோழி குஞ்சுகளக் கூப்புடுற மாதிரி நான் கூப்புட்டா, குஞ்சுக என் பின்னால ஓடியாரும். க்ளுக்... க்ளுக்க்ளுக். இப்பவும் கூப்புடுவேன். வர்றதுக்குத்தேன் ஒண்ணுமில்ல. நல்லுச்சாமி மச்சான் கருஞ்சேவல் எம்மடியிலயே போச்சு. நம்ம செவலையும் போயிட்டான், அவன்தேன் கடைசி. பொதைக்கிறதுக்கு முன்னால, பழைய எறகு பிஞ்சுபோச்சேன்னு, அவன் வால்ல இருந்து ஒண்ணப் புடுங்கி வச்சுக்கிட்டேன், ஞாபகத்துக்கு. இந்தா, சட்டைப்பையில. பாருங்க, என்ன நீளம்! தொட்டுப் பாருங்க. ஏன் கைய இழுக்குறீங்க?

அலுத்துப்போச்சு தம்பி. ஒரு நாளைக்கு அம்பது அறுவது கோழிக்கு இழுக்குறது சாமானியமா? கையில நகக்கண்ணுல எல்லாம் சளிதேன், அதோட அப்படியே அடுத்த வீட்டுக்கு ஓடுவேன். கழுவக்கூட நேரமில்ல. அப்படி ஒழைச்சேன் நானு அந்த ஊருக்கு.

அப்பறம் விருமாயி வஞ்சா, "நீ கிழிச்சது போதும், மாட்டாஸ்பத்திரிக்குப் போ"ன்னு. போனேன். அங்க ஒரு புது டாக்டரம்மா, நாகர்கோயில் பக்கத்துப் புள்ளை. ஒல்லியா, கண்ணாடி போட்டு, சின்னப் புள்ளை. ஆனா பேச்சு இருக்கே, அடடா! நான் எறக எடுத்துக் காட்டி எல்லாத்தையும் சொன்னேன். தலையில ரெண்டு கையவும் வச்சுக்கிட்டு உக்காந்திருச்சு. அப்பறம் சொல்லுச்சு பாருங்க, கேளுங்க, அப்படியே சொல்றேன்:

"ஐயா, நான் சொல்லுகத நல்லாக் கேளுங்க, கேட்டியளா? ஒரு கோழியத் தொட்ட கையால மத்தக் கோழியத் தொடப்பிடாது, கேட்டியளா? ஒண்ணுக்க மூக்குல விட்ட எறக இன்னொண்ணுக்க மூக்குல விடவே பிடாது, கேட்டியளா? தீனம் வந்த கோழிக்கு மருந்து போட்ட ஆளு, அடுத்த வீட்டுக் கூட்டுப் பக்கமே போகப்பிடாது, கேட்டியளா? சந்தையில வாங்குனதத் தனியாத்தான் போடணும், கேட்டியளா? சோப்பு போட்டுக் கை கழுவணும், கேட்டியளா? இந்தப் பொடியத் தண்ணியில கலக்கி அஞ்சு நாள் வைக்கணும், கேட்டியளா? செத்தத ஆழமாக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டு மூடணும், கேட்டியளா?"

கேட்டியளா! எப்படி? அச்சு அசல் அப்படியேதேன். எட்டுத் தடவ சொல்லுச்சு தம்பி, நான் விரல் விட்டு எண்ணுனேன், ஊர்ல போய்ச் சொல்லிக் காட்டணுமேன்னு. பஸ்ல வரையிலேயே சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்.

எறங்குனா, கொழாயடியில எல்லாரும் கொடத்தோட நிக்கிறாக. அன்னக்கொடி மதினி, விருமாயி, நல்லுச்சாமி மச்சான், இன்னும் ஒரு பத்துப் பதினஞ்சு பேரு. கோழி செத்து எல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போட்டு நிக்கிறாக. சரி, இவுகள ஒரு சிரி சிரிக்க வைப்போம்னு, துண்ட எடுத்துக் கழுத்துல அந்த டாக்டரம்மா காதுல மாட்டுற கொழா மாதிரி போட்டுக்கிட்டு, கண்ணாடிய மூக்குல ஏத்தி விடுற மாதிரி ஏத்தி, ஆரம்பிச்சேன். மொத 'கேட்டியளா'வுக்கே கொடம் உருண்டுச்சு தம்பி சிரிப்புல! நல்லுச்சாமி மச்சான் கருஞ்சேவல் செத்த பின்னால அன்னைக்குத்தேன் சிரிச்சாரு. நானும் விடல. எறகு விசயத்தச் சொன்னேன். அடுத்த வீட்டுக் கூட்டுப் பக்கம் போகப்பிடாதுங்கிறதச் சொன்னேன். சந்தை விசயத்தச் சொன்னேன்.

சிரிப்பு நின்னுபோச்சு.

எனக்கு வெளங்கல. நல்லாத்தான செஞ்சேன்? அன்னக்கொடி மதினி இடுப்புல இருந்த கொடத்த எறக்கிக் கீழ வச்சுச்சு. "மாப்ள, அந்த எறகு விசயத்தத் திருப்பிச் சொல்லு"ன்னுச்சு. 'ங்க' இல்ல. நான் ஆசையாக் கேக்குதேன்னு, இன்னும் கொஞ்சம் சத்தமா, கையெல்லாம் ஆட்டிச் செஞ்சேன். "ஒண்ணுக்க மூக்குல விட்ட எறக இன்னொண்ணுக்க மூக்குல விடவே பிடாது, கேட்டியளா?" மதினி கேட்டுக்கிட்டே நின்னுச்சு. அப்பறம் கொடத்த அங்கயே விட்டுட்டு, தண்ணி நெறையிறதுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிருச்சு. நல்லுச்சாமி மச்சான் காறித் துப்பிட்டு நடந்தாரு. ஒருத்தர் பின்னால ஒருத்தரா எல்லாரும் போயிட்டாக. கடைசியா விருமாயி மட்டும் நின்னா. தண்ணி ரொம்பி வழியுது. கொழாய அடைக்கல. என்னையவே பாத்துக்கிட்டு நின்னா.

அன்னைக்கு நின்னுச்சு ரேடியோ.

அதுல இருந்து எந்த வீட்டுக் கதவும் எனக்குத் தெறக்குறதில்ல. நாக்காலிய உள்ள எடுத்துட்டாய்ங்க. நான் தெருவுல வந்தா கோழிய வெரட்டி உள்ள அடைக்கிறாய்ங்க தம்பி, பருந்தப் பாத்த மாதிரி! அம்புட்டு வீட்டுக்கும் ஓடி ஓடிச் செஞ்சேன்ல, அதுக்கு இதுதேன் நன்றி. மாசி பொறந்ததும் ஒரு மாதிரி நோய் அடங்கிருச்சு. டாக்டரம்மா குடுத்த பொடியிலதேன் அடங்குச்சுங்கிறாக. இருக்கட்டும். என் எறகும் கொஞ்சம் வேலை செஞ்சிருக்கும்ல?

அதெல்லாம் கூடப் பொறுத்துக்கிருவேன். இவ பண்றதத்தேன் பொறுக்க முடியல. விடிஞ்சதும் ஒரு வாளியில சுண்ணாம்பு, ஒரு வெளக்குமாறு, பிளீச்சிங் பவுடர் எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போறா. அன்னக்கொடி வீட்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு வீட்டுக் கோழிக்கூட்டையும் இவ கூட்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்கிறா. கூலிக்கா? இல்ல. சும்மா! எவன் வீட்டுக் கூட்டையோ இவ எதுக்குக் கழுவணும்? முட்டி போட்டுக் குனிஞ்சு குனிஞ்சு, இடுப்பு ஒடஞ்சு வர்றா. வந்து சோப்புப் போட்டுக் கையத் தேய்ச்சுக்கிட்டே இருக்கா, தோலு உரிஞ்சுபோச்சு. மொதல்ல மதினி பேசவே இல்ல, இவ பாட்டுக்குக் கழுவுவா, மதினி பாட்டுக்கு உக்காந்திருக்கும். முந்தாநாள் ஒரு சொம்புத் தண்ணி குடுத்துச்சாம். அதக் குடிச்சுட்டு வாசல்ல உக்காந்து அழுதாளாம் இவ. எனக்கு யாரு சொன்னா? யாரும் சொல்லல. சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன்.

எனக்குச் சோறு மட்டும் மூடி வச்சிருப்பா. வையி, ஒரு தடவ வையின்னு நானே போயி தெளிச்ச வாசல்ல கால வச்சுப் பாத்தேன். ம்ஹும். குளிக்கிற துண்ட எடுத்துக் கால் தொடச்சேன். பேசாம எடுத்துத் தொவைச்சுப் போட்டுட்டா. ராத்திரி படுத்துக்கிட்டு நானே அவ குரல்ல என்னைய வஞ்சுக்கிறேன் தம்பி, தூக்கம் வரட்டும்னு. "ஏ கூறுகெட்ட மனுசா"ன்னு.

சரி, விடுங்க. பவுனு வீட்டுக் கோழிய நிமித்திக் காட்டுறேன். அந்தத் தும்முற ஒண்ண மட்டும் இல்ல, நாப்பதுக்கும் ஒரு இழு. நல்லானதும் விருமாயிக்குப் போன் போட்டு...

இருங்க, அடிக்குது. எங்க வச்சேன்... இந்தா. படத்தப் பாருங்க தம்பி, என்ன பூவு? செம்பருத்தியா? செம்பருத்திதேன்! எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு பவுனு ஆளுக்கொரு படம் வச்சுக் குடுத்திருக்கா. செம்பருத்தின்னா அவ ஆத்தா. விருமாயி! தம்பி, விருமாயி கூப்புடுறா! நல்லாக் காதக் குடுத்துக் கேளுங்க, இப்பப் பாருங்க எப்படி வையிறான்னு.

அலோ! ...நாந்தேன். ...பஸ்ல. ...ஆமா, பவுனு வீட்டுக்குத்தேன். ...சட்டைப்பையில இருக்கு. ...ஒண்ணே ஒண்ணுதேன், செவலையோட... ஏ விருமாயி. விருமாயி, இந்தா... ஏ, எதுக்கு இப்ப... ...ம்.

...ம்.

...சரி.

வச்சுட்டா.

இல்ல தம்பி. வையல.

"ஏய்யா, உன் காலப் புடிக்கிறேன்யா, அந்தப் பஸ்ஸ விட்டு எறங்கிரு"ங்கிறா. "எம்புள்ளைக்கு இருக்குறது அந்த நாப்பதுதேன்யா"ங்கிறா. அவ இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. இருங்க, அவ குரல்லயே சொல்றேன், அப்பத்தேன் உங்களுக்குத் தெரியும். "உன் காலப்..." ம். இருங்க. "உன்..." 

வரல தம்பி.

எது கேட்டாலும் எனக்கு வந்துரும். மாமனாரு வருவாரு, மாடு வரும், டாக்டரம்மா வரும். எட்டுத் தடவ கேட்டுச்சு அந்தப் புள்ளை, கேட்டியளா கேட்டியளான்னு. எட்டுத் தடவயும் நான் எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்.

இந்த எறக... ஜன்னல்ல வீசிரலாம். வேணாம், கீழ எவன் வீட்டுக் கோழியாச்சும் மேஞ்சுக்கிட்டு நிக்கும். மடிச்சு வச்சுக்கிறேன். வீட்ல அடுப்பு இருக்கு.

கண்டக்டரய்யா! நிப்பாட்டுங்க, எறங்கணும். எழுமலைக்குத்தேன் டிக்கெட்டு, இருக்கட்டும், இங்கயே நிப்பாட்டுங்க. பொட்டக்காடா இருந்தா என்ன, நடந்துக்கிறேன்.

தம்பி, கொஞ்சம் எந்திரிச்சு வழி விடுங்க. கூடைய ஏன் எங்கிட்ட நீட்டுறீங்க? எந்திரிக்கிற வரைக்கும் புடிக்கவா? இம்புட்டு நேரம் கேட்டேன், இப்பக் குடுக்குறீங்க.

வேணாம் தம்பி. அங்கிட்டு வச்சுக்கங்க. என்னையப் பாத்துக் கத்துது பாருங்க, நம்மாளுன்னு. மூடுங்க அத.

நான் தொடல.